அல்சிராவின் மூக்கு

எழுந்து பல் விளக்குவதற்கு முன்பே அல்சிரா சிரிஞ்சைத்தான் தேடுவாள். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச். முந்தின நாள் கொதிக்க வைத்து ஆறவிட்ட ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டின ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வலது மூக்கில் பீய்ச்சினால் இடது மூக்கு வழியாகக் கொட்டும். பிறகு இடது. முப்பத்தொரு வருஷமாக ஒருநாள் தவறாமல் இதுதான். கட்டிக்கொண்டவன் உயிரோடு இருந்தவரை, உன் மண்டைக்குள் வாய்க்கால் ஓடுகிறது என்று கேலி செய்துகொண்டே இருப்பான்.

கேலி செய்துவிட்டுப் போகட்டும். அந்த உப்புத் தண்ணீர்தான் அவளுக்குச் சோறு போட்டது. பதினைந்து வயதில் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கில் காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலைக்குப் போனவள் அவள். வறுக்காத பச்சைக் கொட்டையின் தூசி இருக்கிறதே, அது பொல்லாதது. மூட்டையை அவிழ்த்தாலே சருகுத்தோல் பறக்கும். சிலருக்கு ஒன்றும் செய்யாது. சிலரை உண்டு இல்லை என்று பண்ணிவிடும். அல்சிராவுக்கு ஒரே மூச்சில் இருபது தும்மல், கண் இரண்டும் வீங்கிவிடும், மூக்கு ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும். கூட இருந்த பெண்கள் அவளுக்குத் தும்மல்காரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டு நின்றுவிடலாம் என்று இருந்தபோதுதான், சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருத்தி சிரிஞ்சையும் உப்புக் கணக்கையும் சொல்லிக் கொடுத்தாள்.

மூக்கு திறந்தது. சும்மா திறக்கவில்லை. பொறுக்கிக்கொண்டு இருக்கும்போதே தலையைத் தூக்கி, இந்த மூட்டை நனைந்து காய்ந்தது, அந்த மூட்டை பக்கத்தில் யாரோ டீசல் வைத்திருந்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். மேஸ்திரி விளையாட்டுக்குச் சோதித்துப் பார்த்தார். சொன்னது சொன்னபடி இருந்தது. பத்து வருஷம் கழித்து அவளை ருசி பார்க்கிறவர்களின் வட்டமேசையில் உட்கார வைத்தார்கள். மினாஸ் மலைப் பக்கத்தில் அந்தக் காலத்தில் அந்த மேசையில் எல்லாம் மீசைகள்தான். கொட்டை பொறுக்கினவள் வந்து உட்கார்ந்ததும் இரண்டு பேர் எழுந்து போனார்கள். போனவர்கள் போனார்கள், அவள் எழுந்திருக்கவில்லை.

மேசையின் சட்டம் எளிது. ஒவ்வொரு விவசாயியின் சரக்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, இளசாக வறுத்துப் பொடித்து, ஐந்து கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். கோப்பைக்கு நம்பர் மட்டும்தான், பெயர் கிடையாது. மேலே ஆடை மாதிரி படியும் பொடியைக் கரண்டியால் உடைத்து, கோப்பைக்குள் மூக்கை நுழைக்கிற அளவுக்குக் குனிந்து மோப்பம் பிடிக்க வேண்டும். அப்புறம் உறிஞ்சித் துப்ப வேண்டும். அங்கே எல்லோரும் பயப்படுகிற சொல் ஒன்று உண்டு: ரியோ. காயத்துக்குப் போடுகிற டிங்சர் வாடை காப்பியில் அடித்தால் அதற்கு ரியோ என்று பெயர். ஐந்து கோப்பையில் ஒன்றில் அடித்தாலும் அந்தச் சரக்கு முழுக்க ரியோ. நல்ல காப்பி கப்பலேறும். ரியோ, மலிவுப் பாக்கெட்டுக்குப் போகும். முதலில் உடைத்துப் பார்ப்பவள் அல்சிரா. அடுத்தது வால்தெமார், அவளைவிட ஆறு வயது மூத்தவர், சாது. அவள் சொன்னதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. எதற்கு மறுக்க வேண்டும்? அந்த மூக்கு தப்பினதாக யாருக்கும் நினைவில்லை.

விவசாயி தெர்சீலியோவின் மகள் தால்வாவுக்கு ஞானஸ்நானத்தில் தலைதொட்டு ஞானத்தாய் ஆனவள் அல்சிரா. அதனால் அவர் அவளுக்குக் கும்பாத்ரே, அவள் அவருக்குக் குமாத்ரே. கூடப்பிறந்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம். கும்பாத்ரேயும் குமாத்ரேயும் கூடாது. ஓடையோரம் பள்ளத்தில் சின்ன நிலம் அவருக்கு. அவர் அப்பா வைத்த காப்பி மரங்கள். அதுவரை பழுத்தது பழுக்காதது எல்லாவற்றையும் உருவி, தரையில் காய வைத்து, வந்த விலைக்கு விற்றுக்கொண்டு இருந்தார். அந்த வருஷம் மனிதருக்கு என்ன தோன்றியதோ, மரக்கம்பு நட்டு, வலை கட்டி, மேலே பிளாஸ்டிக் கூரை போட்டு, சிவந்த பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பறித்துக் காய வைத்தார். அவரும் அவர் மனைவி ஒந்தீனாவும் நாள் முழுக்கக் கையால் கிளறிக்கொண்டே இருந்தார்கள். பதினெட்டு மூட்டை தேறியது. அதை உயர்ந்த சரக்காகச் சேர்த்துக்கொண்டால் பையின்மேல் அவர் நிலத்தின் பெயரை அச்சடிப்பார்கள். அந்தப் பெயரை வாயால் சொல்லும்போதே அவருக்குக் குரல் மாறிவிடும்.

அந்தப் பருவம் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. ஜூனில் எப்போதும் வராத மழை வந்து காயப்போட்டதையெல்லாம் நனைத்தது. ஜூலை அங்கே குளிர்காலம், குளிரும் தூசியும். அல்சிராவின் கன்ன எலும்புக்குள் வலி இறங்கியது. குனிந்தால் முகமே கழன்று விழுகிற மாதிரி இருந்தது. மூக்கிலிருந்து பச்சையாக வந்தது. சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்க்க நாற்பது நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். நாற்பது நாளில் அறுவடையே முடிந்துவிடும். ருசி பார்க்கிறவள் மூக்கடைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார். அவளுக்கு அது தெரியும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நேரே மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்கார ஒதிலோனுக்குத் தெரியாத வியாதி கிடையாது, அதாவது அவர் நினைப்பில். உப்புத் தண்ணீரிலேயே டிங்சர் மூன்று சொட்டு விட்டுக் கழுவச் சொன்னார்.

"கிருமி பூண்டோட போயிரும். எங்கம்மாவுக்கே இதத்தான் குடுக்கறேன்," என்றார்.

அவளுக்குத் தெரியாதா? அறுவடை முடியும்வரை வெங்காயம் தின்னாதவள், வாசனை சோப்பு போடாதவள், சென்ட் பூசிக்கொண்டு வந்த எழுத்தரை மேசைப் பக்கமே வரவிடாதவள். உலகத்தில் எந்த மூக்குக்கு வேண்டுமானாலும் டிங்சர் போகலாம், அவள் மூக்குக்குப் போகக்கூடாது. ஆனால் வலி ஆளை அப்படி ஆக்கிவிடுகிறது. சாயங்காலம் மட்டும் என்று ஆரம்பித்தாள். வலி கேட்கவில்லை. விடியற்காலையிலும் விட்டாள், மூன்று சொட்டு ஆறானது. அதற்குப் பிறகு வெறும் உப்புத் தண்ணீரால் இரண்டு தரம் அலசிக்கொண்டாள். எட்டு மணிக்கு மேசையில் உட்காரும்போது தன் மூக்கில் ஒரு வாடையும் இல்லை என்று சத்தியம் செய்திருப்பாள். கன்ன எலும்புக்குப் பின்னால் பொந்துகள் இருக்கின்றன, உள்ளே போன தண்ணீர் அங்கே மணிக்கணக்கில் தங்கும், குனியும்போது இறங்கும் என்பதை நர்ஸும் சொல்லவில்லை, ஒதிலோனும் சொல்லவில்லை. அவள் பிழைப்போ நாள் முழுக்கக் குனிகிற பிழைப்பு.

மூன்று வாரத்தில் பதினொரு சரக்குக்கு ரியோ எழுதினாள். மழை பெய்த வருஷம், யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு வியாழக்கிழமை நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் வந்தது. முதல் கோப்பை சுத்தம். இரண்டாவதை உடைத்துக் குனிந்தாள், குப்பென்று அடித்தது. மறுபடி குனிந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை.

"ரியோ," என்றாள்.

வால்தெமார் குனிந்தார், உறிஞ்சினார், துப்பினார். கோப்பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவரும் ரியோ என்று எழுதினார்.

மறுநாள் தெர்சீலியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி கிடங்கு வாசலில் நின்றார். அப்போதுதான் அந்த நம்பர் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. மழைத்துளி ஒன்றுகூட அந்தப் பழத்தின்மேல் படவில்லை என்று மெதுவாகச் சொன்னார். விவசாயி கேட்டால் இரண்டாம் முறை ருசி பார்க்கச் சங்கத்தின் விதியே இடம் கொடுக்கிறது, அதைத்தான் கேட்டார்.

"ஒரே ஒரு தரம் குமாத்ரே. நீங்களே பாருங்க, வேற யாரும் வேணாம்."

"வேற யாரு கேட்டாலும் பாப்பேன். நீங்க கேட்டு நான் பாத்து, அது மாறிடுச்சுன்னு வைங்க, ஊரு என்ன சொல்லும்? கும்பாத்ரேக்காக மூக்க வித்துட்டான்னுதான் சொல்லும்."

அவர் தலை குனிந்து நின்றதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. சொன்னாள்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பள்ளத்து நிலம், பனி வந்து படுத்துக்குது. அது மண்ணோட குணம். நீங்க எப்படிக் காய வச்சாலும் அப்படித்தான் வரும்."

அவர் தலையை ஆட்டினார். தால்வா சௌக்கியமா என்று இவள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அல்சிரா அன்று முழுக்கத் தன்னை மெச்சிக்கொண்டாள். சொந்தபந்தம் பார்க்காமல் நின்றோம் என்று ஒரு பெருமை. நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

இரண்டு ஞாயிறு கழித்து, காலைப் பூசை. மணி அடித்ததும் எல்லோரும் முழங்காலில் நின்று தலையைக் குனிந்தார்கள். அல்சிராவும் குனிந்தாள். மூக்கிலிருந்து ஒரு சொட்டு, கையில் இருந்த பாட்டுத்தாளின்மேல் விழுந்தது. வெள்ளைத் தாளில் பழுப்பாகப் பரவியது. கூடவே அந்த வாடை. கோவிலில் காப்பி ஏது, கோப்பை ஏது? மெழுகுவர்த்திக்கும் சாம்பிராணிக்கும் நடுவில் முழங்காலில் நின்றபடி அவள் ரியோவை மோந்தாள். இரண்டாவது சொட்டும் விழுந்தது. எல்லோரும் எழுந்த பிறகும் அவள் தாளை மூக்கருகே வைத்துக்கொண்டு முழங்காலிலேயே நின்றாள். பக்கத்தில் இருந்தவள் மயக்கமா என்று கேட்டு முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

டிங்சர் பாட்டிலைக் கழிவறையில் கவிழ்த்தாள். ஜலதோஷம் என்று சொல்லி ஒரு வாரம் மேசைக்குப் போகவில்லை. வெறும் உப்புத் தண்ணீர், வெறும் உப்புத் தண்ணீர் என்று நாளுக்கு ஆறு தரம் கழுவினாள். அந்த ஒரு வாரத்தில் கும்பாத்ரே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஒருவேளை அந்தச் சரக்கு உண்மையிலேயே ரியோவாக இருந்துவிட்டால் என்று மனசு கணக்குப் போட்டது. ரியோவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தாள். நானே ருசி பார்த்த பிறகு போகிறேன் என்று தனக்குத் தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

சரக்கு விற்றுப் போனாலும் ஒவ்வொரு நம்பரிலும் ஒரு சின்னப் பை மாதிரிக்காக அலமாரியில் இருக்கும். திங்கட்கிழமை நானூற்றுப் பன்னிரண்டை எடுத்து வறுத்தாள். ஐந்து கோப்பை. ஐந்தும் சுத்தம். சுத்தம் என்றால் சும்மா சுத்தம் இல்லை. வெல்லப்பாகு மாதிரி ஒரு இனிப்பு, வாயில் பட்டதும் கரைந்து போகிற மென்மை. அந்த வருஷம் முழுக்க அந்த மேசைக்கு வந்ததிலேயே அதுதான் நல்ல காப்பி. அவள் வால்தெமாரைக் கூப்பிட்டு, நம்பரைச் சொல்லாமல் கொடுத்தாள். அவர் உறிஞ்சித் துப்பிவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்தார்.

"உங்க கும்பாத்ரேயோடதுதானே?" என்றார். "அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"அன்னிக்கு ரியோன்னு எழுதினீங்களே?"

"நீங்க ரியோன்னீங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. எனக்குத்தான் வயசாயிடுச்சு, மூக்கு போயிடுச்சுன்னு நெனச்சேன். அதை வெளிய சொல்லிட்டு நான் எங்க போறது, டோனா அல்சிரா?"

அவள் எதை மறைத்தாளோ அதையேதான் அவரும் மறைத்திருக்கிறார்.

மானேஜர் அறைக்குப் போய், சொட்டிலிருந்து பாட்டுத்தாள் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, எத்தனை சரக்கு என்று கேட்டார். பதினொன்று. எல்லாம் போன வாரமே லாரி ஏறி, எங்கேயோ ஒரு ஆலையில் மற்ற ரியோவோடு கலந்து, இந்நேரம் பொடியாகியிருக்கும் என்றார். ஒருவருக்குச் சொன்னால் பதினொரு பேர் வருவார்கள், பதினொரு பேர் வந்தால் இருபது வருஷத்தில் ரியோ வாங்கினவர்கள் அத்தனை பேரும் வாசலில் நிற்பார்கள் என்றும் சொன்னார். கடைசியில், நல்ல டாக்டராகப் பார்த்துக்கொள்ளுங்கள், நாளையிலிருந்து மேசைக்கு வாருங்கள் என்றார். அவ்வளவுதான். வேலையை விட்டு அனுப்பியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

புதன்கிழமை காலை, மாதிரிப் பையில் மிச்சமிருந்ததை வறுத்துப் பொடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஓடைப்பாலத்தில் இறங்கித் திரும்பினால் கும்பாத்ரேயின் காப்பி மரங்கள் தெரியும், எப்போதும் தெரியும். அன்று சிவப்பு மண் தெரிந்தது. வேர் மேலே பார்த்தபடி மரங்கள் வரப்போரம் குவிந்து கிடந்தன. இலைகள் வாடியிருந்தன, இன்னும் உதிரவில்லை. டிராக்டர் சக்கரத்தின் தடம் ஈரம் காயாமல் இருந்தது. ஐயோ கடவுளே என்று வாய்விட்டே சொன்னாள், கேட்க அங்கே யாருமில்லை.

ஒந்தீனா வாசலுக்கு வந்து கட்டிப்பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். உட்கார வைத்து, தேங்காய்ப்பிஸ்கட்டும் எலுமிச்சம்புல் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டில் அவளுக்குக் காப்பி இல்லாமல் ஒரு பேச்சும் ஆரம்பித்ததில்லை. தெர்சீலியோ பின்பக்கத்திலிருந்து கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மரம் நேற்றோடு முடிந்தது, புல் போட்டு நாலு மாடு வளர்க்கலாம் என்று இருக்கிறேன், மண்ணிலேயே இருக்கிற குறையை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் மல்லுக்கட்டுவது என்றார். தால்வாவை வீட்டுவேலைக்கு சாவ் பாவ்லோவுக்கு அனுப்பியாயிற்று என்றாள் ஒந்தீனா. கோபமாக யாரும் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

அல்சிரா எல்லாவற்றையும் சொன்னாள். மூக்குவலி, ஒதிலோன், டிங்சர், கோவிலில் விழுந்த சொட்டு. பிறகு அவளே எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்து, கொண்டுவந்த பொடியைச் சர்க்கரை போடாமல் வடிகட்டி, ஒரு கிளாசில் அவர் முன்னால் வைத்தாள்.

அவர் மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய்.

"இருக்கு குமாத்ரே," என்றார்.

"என்ன இருக்கு?"

"அந்த டிங்சர் வாடைதான். நீங்க சொன்ன அன்னிக்கு வீட்டுக்கு வந்து போட்டுக் குடிச்சேன், ஒண்ணும் தெரியல. மறுநாள் லேசாத் தெரிஞ்சுது. அப்புறம் எப்பக் குடிச்சாலும் அதான். இவளுக்கும் தெரியுது. வீட்ல காப்பியே போடறதில்ல இப்ப."

"இல்ல கும்பாத்ரே. இது சுத்தமான காப்பி. பொய் சொன்னது என் மூக்கு."

"பாவம் பாத்துப் பேசறீங்க. உங்க மூக்கு பொய் சொல்லாது."

"சொல்லிடுச்சு. கர்த்தர் மேல ஆணையாச் சொல்றேன், அன்னிக்கு அது பொய் சொல்லிடுச்சு."

தெர்சீலியோ கிளாசை மேசையின் நடுவுக்குத் தள்ளினார். அவர் கை விரல்களில் இன்னும் சிவப்பு மண் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே குவிந்து கிடந்ததைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அது பொய்னா, எங்கப்பா வச்ச மரத்த நான் எதுக்குப் பிடுங்கினேன்? சொல்லுங்க. நீங்களே குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

அல்சிரா கிளாசை எடுத்தாள். ஆறிப்போயிருந்தது. ஆறின காப்பியில்தான் எந்தக் குறையும் ஒளிய முடியாது. ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்தினாள். அவ்வளவு இனிப்பு. தீர்ப்புச் சொல்ல வாயில் எடுத்த காப்பியை முதல்முறையாகத் துப்பாமல் விழுங்கினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார், தீர்ப்புக்கு நிற்கிறவர் பார்ப்பதைப் போல. ஒந்தீனாவும் அடுப்பருகே அசையாமல் நின்றாள்.

"ஆமா கும்பாத்ரே," என்றாள் அல்சிரா. "ரியோதான்."